சத்தம் வேண்டும் என்றாள்

ஓய்வுபெற்ற பிறகு ரிமோட் கார் ஓட்டிப் பழக ஆசைப்பட்டேன். பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரிக்கா, எரிபொருளில் ஓடும் நைட்ரோவா என்று முறைப்படி மனைவியிடமும் கருத்துக் கேட்டேன்.

“நைட்ரோவே வாங்குங்க. அதுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி.”

“பொகை, எண்ணெய், டியூனிங்னு ஆயிரம் தொல்லை. புதுசா பழகறவனுக்கு பேட்டரிதான் லாயக்கு” என்று தள்ளுபடி செய்தேன்.

தியாகதுருகம் மலையடித் திடலில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஓட்டினேன். வண்டி ஓசையில்லாமல் அவளையே சுற்றி வந்தது.

“இன்னாங்க, இன்னும் ஆரம்பிக்கலியா?” என்றாள்.

கண் கொஞ்சம் மங்கல் என்று மட்டுமே சொல்லிவந்தவள். எவ்வளவு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இதோ” என்று வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டேன்.

சற்று நேரம் கேட்டுவிட்டு, “போதுங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது” என்றாள்.

காரணம் கேட்காமல் எந்த மனுவையும் தள்ளக் கூடாதென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்.