ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, இதய மருத்துவரிடம் தனியாக

அறுவை சிகிச்சைக்குப் பயந்து நான் வேலூரிலிருந்து ஓடி வந்துவிட்டதாக எங்கள் தெருவிலும் உறவினர் வாட்ஸப் குழுவிலும் பேச்சு. அது சரியல்ல. மருத்துவர் பார்த்து முடித்த பின், கட்டணம் செலுத்தி, ரசீதும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். நடந்ததை எழுதுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து போக இருப்பவர்களுக்கும் பயன்படும்.

சென்ற மாதம் மாடிப்படி ஏறும்போது இரண்டு முறை கண் இருட்டியது. உள்ளூர் மருத்துவர் வேலூரில் ஒரு நிபுணரைப் பார்க்கச் சொன்னார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. துணைக்கு வருவதாகத் தங்கை மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். எழுபத்தாறு வயதில் என் உடம்பைக் காட்ட எனக்கு இன்னொருவர் எதற்கு?

ரயிலில் காட்பாடி வரை போய் ஆட்டோ பிடிப்பது மலிவு. ஆனால் மூச்சு வாங்குபவர்களுக்கு ரயில் நிலையப் படிகள் ஆகாது. எனவே வாடகைக் கார்: சுமார் ஐம்பது கிலோமீட்டர், சுங்கம் உட்பட போய்வர 2,200 ரூபாய். ஷூ கம்பெனி பஸ்கள் சாலையை அடைக்கும் முன், காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம், ஏழரைக்கு வேலூர். ஓட்டுநர் இம்தியாஸுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது, ஆனால் வண்டியை நிதானமாக ஓட்டுவார்.

மருத்துவமனையில் என் பையையும் மருத்துவக் கோப்பையும் தூக்கிக்கொண்டு அவரை உள்ளே வரச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்க, இம்தியாஸ் கையைத் தூக்கினார். என்னை எக்கோ எடுக்க அழைத்துப் போனார்கள். முடிந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு மருத்துவர் அறைக்கு வந்தால், நோயாளியின் நாற்காலியில் இம்தியாஸ்! முகமெல்லாம் வியர்வை.

"பையன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்மா. நீங்க எதையும் மனசுல போட்டுக்காதீங்க," என்றார் மருத்துவர்.

"இவர் என் மகன் இல்லை டாக்டர். கார் ஓட்டி வந்தவர்."

வேடிக்கை என்று எண்ணினாரோ என்னவோ, சிரித்தார். அதற்குள் அடுத்த நோயாளி கதவருகே. "வாங்க ஆயா," என்று நர்ஸ் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள்.

பள்ளிகொண்டா அருகே ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். "டாக்டர் என்ன சொன்னார் தம்பி? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

"வால்வு சுருங்கிப்போச்சாம்மா. ரொம்ப தள்ளிப்போடக் கூடாதாம். மாத்த ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு நெஞ்சைத் திறந்து. இன்னொண்ணு தொடை வழியா டியூப் விட்டு. அதுல ஒண்ணு உங்களுக்கு ஆபத்து கம்மின்னாரு."

"எது?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதாம்மா ஒரே பேஜாரா இருக்கு. மறந்துபோச்சு."

"அதையா மறப்பது?"

"நான் டிரைவருங்கன்னு சொல்றதுக்குள்ள சார் பாட்டுக்குப் பேசிக்கினே போய்ட்டாரு. கையெழுத்து போடுப்பான்னாரு. அதை மட்டும் போடலம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது. கோப்பில் எக்கோ அளவுகள் இருந்தன. எந்த வழி என்பது இல்லை. மறுநாள் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து கேட்டேன். "உங்க பையனை வரச் சொல்லுங்கம்மா, சார் அவர்கிட்டயே பேசிடுவாரு," என்று பதில் வந்தது.

கெட்ட செய்தியை வயதானவர்களின் காதில் போடாமல், கூட வந்த ஆணிடம் சொல்வது நம் பக்கத்து வழக்கம். அதில் இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திறப்பதானால் திறக்கப்போவது என் நெஞ்சை. பயம் இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பயப்பட விரும்புகிறேன்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். அதன் பின் வண்டி நிறுத்த இடமில்லை. தனியாகப் போனால் பதிவின்போதே "என்னிடமே பேசுங்கள்" என்று சொல்லுங்கள். ஓட்டுநர் காரிலேயே இருக்கட்டும்.

இதன் நகலை மருத்துவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஐயா, இரண்டில் எது எனக்கு ஆபத்துக் குறைந்தது? எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? தயவுசெய்து என் பெயருக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.