கோபம் விட்ட தவக்காலம்

கருவாட்டுப் பாயில் குந்திய காகத்தை, அதன் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசிக்கொண்டிருக்கிறாள் பிரான்சிஸ்கா. காகம் பறந்த பிறகும் ஏச்சு நிற்கவில்லை. பாயை விரித்த கணவன் தோமஸுக்கு ஒரு பங்கு, மந்தமான வெயிலுக்கு ஒரு பங்கு, கருவாடு வாங்கப் போன எனக்கும் ஒரு பங்கு. எனக்கு அவள் ஏச்சு பிடிக்கும். வயது ஐம்பதைத் தாண்டியும் அவள் மருந்து மாத்திரை என்று எதையும் தொட்டதில்லை. எப்படி என்று கேட்டேன்.

"உள்ளுக்க வைச்சிருந்தா எனக்குப் பிரஷர். வெளியில விட்டா மற்றாக்களுக்குத்தான் பிரஷர்" என்றாள்.

தலைமன்னாரில் அவளுடைய கோபம் பொதுச்சொத்து. கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளவு குறைந்தால் தெருச் சனம் இவளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்து தேநீர் குடிக்கும். கடலுக்குப் போகிறவர்களின் பாஸ் பார்க்கிற ஆமிக் காவலரணிலும் இதே கதைதான். அங்கே நிற்கும் கோப்ரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் யாரையாவது மறித்து வைத்தால், இவள் வாசலில் நின்று போடும் சத்தம் தாங்காமல் ஆளை விட்டுவிடுவான்.

போன தவக்காலத்தில்தான் வினை வந்தது. மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், சுருட்டை விட்டார்கள். இவளைப் பெரிய வெள்ளி வரைக்கும் கோபத்தை விடச் சொன்னார் பங்குச் சுவாமியார் கிறகரி. கோயிலில் எல்லாருக்கும் முன்னால் ஓமென்று தலையாட்டிவிட்டாள். காகங்கள் கொழுத்தன. மண்ணெண்ணெய்ப் போத்தல் முக்காலோடு வீடு வந்தது. தோமஸ்கூடக் கொஞ்சம் உடம்பு வைத்தார்.

ஒரு நாள் எஞ்சின் பழுதாகி, பாஸ் நேரம் கடந்து கரை சேர்ந்த தோமஸைக் காவலரணில் பிடித்து வைத்தார்கள். பின்னேரம் டிரக் வந்து ஏற்றிப் போகும் என்று செய்தி வந்தது. முன்பு அப்படி ஏற்றப்பட்டவர்களை ஊர் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ்கா அப்போதும் நேர்த்தியை முறிக்கவில்லை. ஓடிப்போய்க் கைகூப்பி, மெல்லிய குரலில் மன்றாடினாள். அதுதான் பிழையாய்ப் போயிற்று. சிங்களம் தெரிந்த சுவாமியார் பிறகு போய்க் கேட்டபோது, இந்த மனுசியே சத்தம் போடவில்லை என்றால் புருஷன் உண்மையாகவே ஏதோ செய்திருக்கிறான் என்று கோப்ரல் சொன்னானாம்.

சுவாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடிவந்தார். அவள் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எழும்பு பிள்ளை. போய்க் கத்து."

"பெரிய வெள்ளி இன்னும் வரேல்லையே சுவாமி. நேர்த்தியை முறிச்சாப் பாவமெல்லோ?"

"அந்தப் பாவம் எனக்கு. டிரக் வரப்போகுது."

அவள் எழுந்தாள். பாதியில் நின்ற செபமாலையை அவர் கையில் திணித்தாள். "மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ" என்றவள், வாசலைத் தாண்டும்போதே சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.