எங்கள் தெருவின் அபிப்பிராயம்

டில்லியிலிருந்து ஒரு கமிட்டி கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. பெண்களுக்கு எந்த வயதில் கல்யாணம் செய்யலாம் என்று சட்டம் போடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் தேசத்தின் அபிப்பிராயம் தெரிய வேண்டுமாம். தேசம் என்றால் யார்? வக்கீல்கள், மிராசுதார்கள், ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர்கள். பாலக்காட்டில் என் அகத்துக்காரரும் ஒரு வக்கீல் என்பதால் அவருக்கும் ஒரு பிரதி வந்தது. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, அரை மணியில் இங்கிலீஷில் பதில் எழுதி முடித்துவிட்டார். எழுதினதைத் தமிழில் எனக்குச் சொல்லியும் காட்டினார். எங்கள் சமூகத்து ஸ்திரீகள் எல்லாரும் பழைய வழக்கத்தையே விரும்புகிறார்கள் என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது.

"எந்த ஸ்திரீயைக் கேட்டேள்?" என்றேன்.

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கேட்டாத்தான் தெரியணுமா?"

"என்னைக்கூடக் கேக்கலையே."

"நீ கணக்கில சேர்த்தி இல்லை. நீ பேப்பர் படிக்கறவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கோ ஒரே சிரிப்பு. "நீயே போய்க் கேட்டுண்டு வாயேன். அதுவரைக்கும் தபால்ல போடாம வெச்சிருக்கேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தெரு ஆற்றங்கரையில் முடிகிறது. வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். ஒரு சமையலுள்ளில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். இப்படிப்பட்ட தெருவில் அபிப்பிராயம் சேகரிக்க என்ன கஷ்டம் என்று நினைத்தேன். மறுநாள் காலை படித்துறையிலேயே ஆரம்பித்தேன்.

பேப்பர்காரர்கள் அந்த விஷயத்தின் இங்கிலீஷ் பேரை அப்படியே 'சம்மத வயது' என்று தமிழாக்கி வைத்திருந்தார்கள். நானும் அந்த வார்த்தையிலேயே கேட்டுத் தொலைத்தேன். "மாமி, சம்மத வயசு எத்தனை இருக்கணும்னு நெனைக்கறேள்?"

கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்த கோடி வீட்டு மாமி யோசித்தாள். "சம்மதம் குடுக்க வயசு என்னத்துக்கு? பொண்ணோட அப்பா குடுக்கறார், பிள்ளையாத்துக்காரா வாங்கிக்கறா."

"அதில்லை மாமி. அப்பா ரொம்பச் சின்ன வயசுக்காரரா இருந்தா ஏமாந்துடுவார் இல்லையா?" என்று பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தவள் எனக்குப் பரிந்து வந்தாள். "முப்பத்தஞ்சு ஆகாதவாளுக்கு நல்லது பொல்லாது என்ன தெரியும்?"

"முப்பத்தஞ்சு போறாது. நாப்பதுன்னு எழுதிக்கோ."

அப்பாவுடைய சம்மதம் இல்லை, பெண்ணுடைய சம்மதம் என்று விளக்கினேன். ஆறே சிரித்தது. "கொழந்தையைக் கேட்டா அது பொரிவிளங்காய் உருண்டைக்குன்னா சம்மதிக்கும்!" என்றாள் கோடி வீட்டு மாமி. அன்று முழுக்க என்னைக் கண்டவர்களெல்லாம் பொரிவிளங்காய் உருண்டை என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த மொழிபெயர்ப்பைச் செய்த மகானுபாவர் என் கையில் கிடைத்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு சம்மதத்தை விட்டுவிட்டு, சட்டம் வரப்போகிற விஷயத்தைச் சொல்லி, பெண்ணுக்கு எந்த வயதில் கல்யாணம் பண்ணலாம் என்று நேராகவே வீடு வீடாகக் கேட்டேன். அப்போதும் ஒன்றும் தேறவில்லை. "அவரைக் கேட்டுண்டு சொல்றேன்" என்பார்கள். "மத்தவா என்ன சொன்னா? எங்களுக்கும் அதேதான்" என்பார்கள். சிலர் என்மேல் இரக்கப்பட்டு, "உனக்கு என்ன எழுதணுமோ எழுதிக்கோடீ அம்மா, காப்பி ஆறிப் போறது" என்றார்கள். பதினாலு வயதுப் பெண்ணைப் பிரசவத்தில் பறிகொடுத்த ஒரு மாமி இருந்தாள். அவளாவது வேறு மாதிரி சொல்வாள் என்று நம்பிப் போனேன். "காலாகாலத்தில பண்ணிடத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

கடைசியாகத்தான் அக்காவிடம் போனேன். சொந்த அக்கா, அதே தெருவில் கோவிலுக்குப் பக்கத்து வீடு. அத்திம்பேர் தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். பூகோளம் என்றால் உயிர். ஒலவக்கோட்டிலிருந்து ஈரோடு வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அவளைப் போத்தனூரில் ஒரு ரெயில்வே குமாஸ்தா இரண்டாந்தாரமாகக் கேட்டிருந்தார். முப்பது தாண்டியவர், முதல் மனைவி தவறிப்போய் வருஷம் திரும்பவில்லை. நான் தெருவெல்லாம் அலைந்ததே, உண்மையைச் சொன்னால், அந்தக் குழந்தைக்காகத்தான். அக்கா வாயிலிருந்து 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அத்திம்பேர் ஊஞ்சலில் இருந்தார். அக்கா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் கேள்விக்கு அவள் தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"பன்னெண்டுக்குள்ள முடிச்சுடணும். அதுக்கு மேல ஆத்தில வெச்சிண்டிருந்தா நாலு பேர் என்ன சொல்லுவா?"

அத்திம்பேர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குப் பொறுமை போய்விட்டது. மற்ற வீடுகளில் அடக்கி வைத்த கோபமெல்லாம் அங்கே வந்து கொட்டியது.

"ஏன் அக்கா பொய் சொல்றே? இதுக்கு முன்னாடி மூணு வரன் வந்துதே, மூணையும் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினது யாரு? நீதானே? உனக்கு இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லேன்! சட்டமே வரப்போறது. அதுக்கப்புறம் இப்படிப் பண்ணினா அத்திம்பேர் ஜெயிலுக்குப் போகணும், தெரியுமா?"

ஊஞ்சல் நின்றது.

"ஜாதகம் பொருந்தலேன்னுதானே மூணும் தவறிப்போச்சு?" என்றார் அத்திம்பேர். அவர் அக்காவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். பிறகு, "சட்டம் எப்போ வரதாம்?" என்றார். அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கமிட்டி முடிந்ததும் சட்டசபை, சட்டசபை முடிந்து சில மாதம், ஆக ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோ என்று பேப்பரில் படித்ததை ஒப்பித்தேன். அக்கா அரிசி பொறுக்குவதை நிறுத்தவேயில்லை.

அந்த மூன்று ஜாதகங்களையும் பார்த்த எங்கள் தெரு ஜோசியர் அம்மா வழியில் எங்களுக்கு மாமா முறை. அக்கா என்றால் அவருக்குப் பிரியம். அத்திம்பேர் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஒலவக்கோட்டில் வேறொரு ஜோசியரிடம் ஜாதகங்களைக் கொண்டுபோனார். போத்தனூர் ஜாதகம் திவ்வியமாகப் பொருந்தியது. அடுத்த முகூர்த்தத்திலேயே தேதி வைத்துவிட்டார்கள்.

அது மட்டுமா? சட்டம் வருகிறது என்ற சமாசாரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தானே! "அவரைக் கேட்டுண்டு சொல்றேன்" என்றவர்கள் உண்மையிலேயே அவரவர் அகத்துக்காரரைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா வீட்டில் நான் கத்தின ஜெயில் என்ற வார்த்தையும் பொதுச் சுவர்களைத் தாண்டிக் கூடவே போயிருக்கிறது. அந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரே நாதஸ்வர கோஷ்டி காலையில் மேலண்டை வீட்டிலும், சாயங்காலம் கீழண்டை வீட்டிலும் வாசித்தது. சமையற்காரர்களுக்கு வந்த கிராக்கியில், இலைக்கு உப்பு வைக்கிறவன்கூட மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டான்.

என் அகத்துக்காரர் என் பதில்களை வாங்கிப் பார்த்தார். "எல்லாரும் பழைய வழக்கம்தான் வேணுங்கறா. நான் கேக்காமலே எழுதினது சரியாப் போச்சு பாரு" என்று கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினார். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவர் பொய் எழுதியிருந்தாலாவது சண்டை போடலாம். நான் கேட்டுக்கொண்டு வந்தது அவர் எழுதினதோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனால் யாரோடு சண்டை போடுவது?

கல்யாணத்துக்கு முன்தினம் அக்காவும் நானும் மட்டும் உக்கிராண அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அதுவரை அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "உனக்கு மனசில்லேன்னு என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"உன்கிட்டயா? நீ எல்லாத்தையும் உரக்கச் சொல்றவ." பூசணிக்காயை இரண்டாகப் பிளந்தாள். "சட்டம் வரப்போறதுன்னு நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அவர் கச்சேரியில பேசிண்டதா ஆறு மாசம் முன்னாடியே ஆத்தில வந்து சொன்னார். சிரிச்சுண்டே சொன்னார், வந்தா பாத்துக்கலாம்னு. நான் அன்னிலேருந்து ஒவ்வொரு முகூர்த்தமா தள்ளிண்டு வரேன். சர்க்கார் உத்தியோகஸ்தர், சட்டம்னு ஒண்ணு வந்துட்டா மீற பயப்படுவார். அதுவரைக்கும் ஓட்டினா போறும்னு இருந்தேன். நீ கேட்டே, நான் பன்னெண்டுன்னேன். எழுதிண்டு போகவேண்டியதுதானே? மேல எதுக்குடீ கேட்டே?"

தெரு முழுவதிலும் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். என் தாளில் அவள் பெயர் அதற்கு எதிராக இருந்தது. நானும் பூசணிக்காயை நறுக்கினேன். மறுநாள் மாலை மாற்றும்போது குழந்தை தூக்கக் கலக்கத்தில், மாமா முறைக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். எல்லாரும் அழகு என்றார்கள்.

பிறகு சட்டம் வந்தது. வந்து என்ன? எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டினால் கொஞ்ச நேரத்தில் கொச்சி ராஜ்ய எல்லை. பிரிட்டிஷ் சட்டம் அங்கே செல்லாது. எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் ஒரு சத்திரத்தை வாடகைக்குப் பிடித்து, தாலியைக் கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம் என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இதை அத்திம்பேரும் கண்டுபிடித்தார். சின்னவளுக்கு அப்போது ஒன்பது வயது. சித்தூரிலேயே ஒரு வரன் இருக்கிறது, ஜாதகம் ஒலவக்கோட்டில் பார்த்தாயிற்று என்றார்.

அந்தச் சமயத்தில்தான், சட்டத்தை ரத்து செய்யக் கோரி ஒரு விண்ணப்பத்தோடு சில பெரிய மனுஷர்கள் வந்தார்கள். இந்தத் தடவை ஸ்திரீகளையே நேரில் கேட்டு அபிப்பிராயம் எழுதிக்கொண்டு போகிறார்களாம். அக்கா வீட்டுக்கு அவர்கள் வந்தபோது நானும் இருந்தேன். அத்திம்பேர் அவர்களை உபசரித்து உட்கார வைத்தார்.

அக்கா கதவருகில் நின்று, "பன்னெண்டுக்குள்ள முடிச்சுடணும்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். என் பக்கம் திரும்பினார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சின்னவள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா சொன்னதுதான் என் அபிப்பிராயமும்" என்றேன்.

"படிச்சவாளே சொல்றா, பாருங்கோ!" என்று அவர்களுக்குப் பரம சந்தோஷம். அத்திம்பேர் வெற்றிலைத் தட்டை நீட்டினார். வாழ்க்கையில் என் அபிப்பிராயத்தை ஒருவர் மரியாதையோடு எழுதிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அது பச்சைப் பொய்.

மறுநாள் கோவில் பிரகாரத்தில், சித்தூர் வரன் வீட்டில் க்ஷயரோகம் இருக்கிறதாமே என்று நான் உரக்கச் சொன்னேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் அது அத்திம்பேர் காதுக்குப் போய்விட்டது.