அறுந்த நாடாவும் அண்ணன் குரலும்

என் அண்ணன் மொழியியல் பேராசிரியர். அதாவது, மனுஷர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேல் பேசிச் சம்பளம் வாங்கியவர். "பேசறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களை நான் சும்மா விட்டதும் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓடுகிற வீட்டில் பிறந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்தவள்; மெதுவாகப் பேச வராது.

ஆனால் எனக்கும் அவர்மேல் ஒரு வருத்தம் இருந்தது. ஒருமுறை உள்ளூர்க் கல்லூரி விழாவில் அவர் பேசுவதைக் கேட்கப் போயிருந்தேன். மேடை ஏறியதும் அச்சடித்தாற்போல் தமிழ். எங்கள் வீட்டுப் பேச்சு அதில் ஒரு சொட்டுகூட இல்லை. ஓகோ, நம்ம பேச்சு இவருக்குக் கேவலமாகிவிட்டது போலிருக்கிறது என்று மனசுக்குள் முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற நான், அதை மட்டும் அவரிடம் சொன்னதே இல்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷங்களில் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அண்ணியும் இல்லை என்பதால் என் வீட்டு மாடிக்கே அழைத்து வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார். அவர் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நான் மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பேன். தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருஷம் அவருடைய பழைய மாணவி ஒருத்தி சென்னையிலிருந்து வந்தாள். இப்போது அவளும் ஒரு கல்லூரியில் ஆசிரியை. அண்ணன் தன் வகுப்புகளை அந்தக் காலத்திலேயே கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஒரு சூட்கேஸ் நிறைய என் வீட்டுப் பரணில் கிடந்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இன்டர்நெட்டில் போடப் போகிறாளாம். 'எவன் கேட்கப் போகிறான்?' என்று அண்ணன் எழுதிக் காட்டினார்.

"நீ சும்மா இருண்ணா" என்று நானே பரணில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவள் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். முதல் கேசட்டில் அண்ணன் குரல் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். குழம்பு அடிபிடித்துப் போனது, போகட்டும். அதே கணீர்க் குரல். அதே அச்சுத் தமிழும்தான். கடைசியில் ஒரு கேசட், கொஞ்ச நேரம் ஓடியதும் உள்ளே நாடா படக்கென்று அறுந்தது. மேலே 'காஞ்சிபுரத்துப் பேச்சு' என்று அண்ணன் கையெழுத்து.

"மத்த பாடமெல்லாம் சார் புஸ்தகத்துல இருக்குதும்மா. இத மட்டும் அவரு எழுதவே இல்ல. இது போச்சுன்னா போச்சுதான்" என்றாள் அவள். முகம் செத்துப் போயிருந்தது.

அண்ணன் நோட்டை மூடி வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அறுந்தா இன்னா? ஒட்டனா ஆச்சு. குடு இங்க."

பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்வரிசை; அதைப் பிணைப்பது என் தொழில். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், மிச்சமிருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிசு. நான் பிணைத்த பாவில் குறை சொன்னவன் இந்த ஊரில் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்த நாடா எம்மாத்திரம்?

அவள் திருப்புளியால் மூடியைக் கழற்றித் தந்தாள். செலோடேப்பை பிளேடால் மெல்லிசாக நறுக்கி, மூச்சுகூட விடாமல் இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்டினேன். மூடியைப் போட்டு ஓடவிட்டோம். ஒட்டிய இடம் தாண்டியதும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் பேச்சு பின்னாலிருந்து முன்னால் ஓடுகிற மாதிரி.

"ஐயோ, கெடுத்துட்டனே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் எழுந்து வந்து நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், மனுஷர் சிரிக்கிறார்! நோட்டில் எழுதினார்: 'இது பட்டு இல்லடி. இதுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. திருப்பி ஒட்டியிருக்கிறாய்.'

இழைக்கு ஏது பின்பக்கம்? எப்படிப் பிடித்தாலும் இழை இழைதான். நாற்பது வருஷம் அப்படியே பழகிய கைக்கு அது தோன்றவே இல்லை. செலோடேப்பை நகத்தால் உரித்தேன். நாடா கிழிந்தால் அவ்வளவுதான். பளபளப்பான பக்கம், மங்கலான பக்கம் என்று ஒத்துப் பார்த்து மறுபடி ஒட்டினேன்.

ஓடியது. "இப்போது ஒரு குரலைக் கேளுங்கள்" என்கிறார் அண்ணன். டக்கென்று ஒரு பட்டன் சத்தம். பிறகு ஒரு பெண்பிள்ளை கத்துகிறாள்:

"இன்னாபா இது, பாலா? பாலாத்துலகூட இவ்ளோ தண்ணி ஓடலபா! கொயந்த குடிக்கறதாச்சேன்னு கொஞ்சமாவது பயம் இருக்குதா ஒனக்கு?"

நான்! என் சின்ன வயசுக் குரல். நான் பால்காரரோடு சண்டை போட்ட அன்று, லீவுக்கு வந்திருந்த அண்ணன் வாசலில் பெட்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ என்று நினைத்தேன். படுபாவி! கேசட்டுக்குள் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் முன்னால் என்னைக் கேலிப் பொருளாக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள், கேசட்டில் அவர் குரல் எழும்பியது. அது அச்சுத் தமிழ் இல்லை.

"சிரிச்சாச்சா? இது என் தங்கச்சி. எங்க வூட்ல இப்படித்தான் பேசுவோம், நானுந்தான். உங்க முன்னாடி வர்றப்ப சட்டைய மாட்டிக்கினு வர்ற மாதிரி வேற தமிழ மாட்டிக்கினு வரேன். ரெண்டுல எது ஒசத்தின்னு எவனாவது கேட்டான்னா, நான் என் தங்கச்சி பக்கந்தான். நோட்ட எடுங்க. இன்னிக்கு அவங்கதான் வாத்தியார்."

கேசட்டில் நோட்டுப் புரட்டுகிற சத்தம். நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் வளர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அண்ணன் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க குரல் வேணாம்னா, அந்த எடத்த மட்டும் வெட்டிடட்டுமாம்மா?"

"வெட்டிப் பாரு, தெரியும் சேதி!" என்றேன்.

வெட்டவில்லை. இப்போது எந்தெந்த ஊரிலோ பிள்ளைகள் அதைக் கேட்டுப் படிக்கிறார்களாம். அங்கே என் அண்ணன் பாடம் நடத்துகிறார், நான் பால்காரரைத் திட்டுகிறேன், இரண்டு பேரும் நல்ல சத்தமாக.