கண்ணை மூடாத ஐந்து நிமிஷம்

1. கடல் எங்கய்யா?

பரீட்சை நடத்த வந்த அந்தோணி சார் திருச்சி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடல் எங்கய்யா?" என்பதுதான்.

அவர் தூத்துக்குடிக்காரர். ஆழ்கடல் டைவிங் கற்றுக்கொடுக்கப் போகிற இன்ஸ்ட்ரக்டர்களைச் சோதித்து, சான்றிதழ் கார்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். அந்த இன்ஸ்ட்ரக்டர்களைத் தயார் செய்வது என் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "முட்டளவுதான் தண்ணி ஓடுது. இதுல எண்பது மீட்டருக்கு வாத்தியார் தயார் பண்ணுதீரா?" என்றார்.

"ஆழத்துக்கு அந்தமான் போயி முடிச்சுட்டு வந்துட்டோம் சார். இங்க பாக்கி இருக்கிறது வாத்தியார் வேலை மட்டும்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் படித்தது பத்தாவதும், ஐ.டி.ஐ.யில் வெல்டிங்கும். கல்ஃபுக்கு வெல்டராகப் போய், தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்ய ஆள் வேண்டும் என்றபோது கையைத் தூக்கினேன். அப்படி ஆரம்பித்தது ரீபிரீதர் வரை கொண்டுவந்து விட்டது. எல்லாம் அரங்கன் போட்ட வழி.

இளைய பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரண டைவிங்கில் விட்ட மூச்சு குமிழியாக மேலே போய்விடும். ரீபிரீதரில் போகாது. ஒரு டப்பாவுக்குள் போகும். டப்பாவில் சுண்ணாம்புக் குருணை மாதிரி ஒரு மருந்து இருக்கிறது. அது கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். செலவான ஆக்சிஜனை மிஷின் சேர்க்கும். அதே மூச்சு திரும்ப வாய்க்கு வரும். இந்தச் சுற்றுக்கு லூப் என்று பெயர். ஆழம் போகப் போக வெறும் காற்று போதை தரும். அதற்காக ஹீலியம் கலப்போம். அதுதான் மிக்ஸ்டு கேஸ். சிலிண்டர்கள் மாடிக்கு ஏறுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "வெல்டிங் கடை போடுறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, மூச்சுக் கடை" என்றேன்.

இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. லூப்பில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. கரியமில வாயுவைத்தான் மருந்து எடுத்துவிடுகிறதே, உடம்புக்கு எச்சரிக்கையே கிடைக்காது. சுகமாகத் தூக்கம் வருகிற மாதிரி வந்து ஆளை முடித்துவிடும். அதனால்தான் தண்ணீரில் இறங்குமுன் ப்ரீ-பிரீத். மூக்கை அடைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் லூப்பில் மூச்சு விட வேண்டும். மணிக்கட்டில் கட்டிய ஹேண்ட்செட்டில் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எண் 0.4க்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பார்ப்பதுதான் அந்த ஐந்து நிமிஷத்து வேலை.

2. ஷாகுலுக்கு ஏன் அந்தக் கார்டு வேண்டும்

பரீட்சை எழுத வந்தவர் ஷாகுல். பாலக்கரைக்காரர், வயது முப்பத்தெட்டு. கல்ஃபில் என்னோடு எட்டு வருஷம் தண்ணீரில் கிடந்தவர். கல்யாணமான மாசமே திரும்பிப் போனார். மகள் பிறந்ததைப் போனில் பார்த்தார். அவள் நடந்ததையும் போனில்தான் பார்த்தார். லீவில் வந்தபோது பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு, போனைக் காட்டி "அத்தா அதுல இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தமானில் ஒரு டைவ் சென்டர், இன்ஸ்ட்ரக்டர் கார்டோடு வந்தால் குடும்பத்தோடு தங்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தது. கார்டு இல்லையென்றால் அடுத்த மாதம் கல்ஃபுக்கு டிக்கெட். மறுபடியும் தனியாக.

டைவிங்கில் ஷாகுலைக் குறை சொல்ல முடியாது. எண்பது மீட்டரில் மீன் மாதிரி நிதானமாக இருப்பார். ஆனால் வாத்தியார் வேலையில் அதற்குப் பாதி மார்க்குதான். மற்றவன் செய்கிற தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், உடனே நிறுத்த வேண்டும். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும்.

3. கைலாசபுரத்தில் விழுந்த அடி

முதல் நாள் பரீட்சை கைலாசபுரம் பக்கத்து நீச்சல் குளம் ஒன்றில். இந்தப் பரீட்சையில் ஒரு வழக்கம் உண்டு. தயார் செய்தவனே மாணவனாக நடிக்க வேண்டும். பரீட்சை வைப்பவர் யாருக்கும் தெரியாமல் மிஷினில் ஒரு கோளாறு செய்வார். இன்ஸ்ட்ரக்டர் அதைப் பிடிக்க வேண்டும்.

நான் செக்லிஸ்ட்டை முடித்தேன். மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு குளத்து மேடையில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த அந்தோணி சார் பட்டையைச் சரிசெய்வது போல ஆக்சிஜன் வால்வை மூடிவிட்டார். எனக்குத் தெரியாது. ப்ரீ-பிரீத் ஆரம்பமானது. வழக்கம் போல இரண்டு கையையும் மடியில் சேர்த்து, கண்ணை மூடி, மனசுக்குள் ரங்கா ரங்கா என்று சொல்ல ஆரம்பித்தேன்.

வழக்கம் போல என்றேனே, அங்கேதான் இருக்கிறது விஷயம். இருபது வருஷமாக அப்படித்தான் செய்திருக்கிறேன். நடுநடுவே ஒரு பார்வை பார்ப்பேன். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

அன்று மனசு நன்றாக ஒன்றியது. அரங்கன் அருகிலேயே இருப்பது போல ஒரு சுகம். "அண்ணே..." என்று யாரோ மெதுவாகக் கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. இன்னொரு முறையும் கேட்டது. பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.

"அண்ணே! கண்ணைத் திறங்க! லூப்பை மூடுங்க, வெளிய வாங்க!"

கண்ணைத் திறந்தால் முகத்துக்கு முன்னால் மிஷினின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு துடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட்செட்டில் 0.24. வாய்க்குழாயை மூடிவிட்டு வெளிக் காற்றை இழுத்தேன்.

அந்தோணி சார் நோட்டை மூடினார். "எப்பப் பாத்தே?"

"ரெண்டாவது நிமிஷம் சார். 0.4க்குக் கீழ இறங்குனப்பவே."

"பிறகு ஏன் மரம் மாதிரி நின்னே?"

"சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு சார்."

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சாமிகிட்டயே போயிருப்பாரு. 0.21க்கு வந்திருந்தா நானே இழுத்திருப்பேன், அது வேற கதை. கடல்ல நான் இருக்க மாட்டேன். ஃபெயில். நாளைக்கு இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான்."

"சார், தப்பு என்னுது" என்றேன்.

"உம்ம தப்பு எனக்குத் தெரியும். உமக்குத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

4. செல்வி கேட்ட கேள்வி

ஷாகுலை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தேன். காந்தி மார்க்கெட் நெரிசலில் நின்றபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"தொழுகையில இருக்கிறவங்களுக்குக் குறுக்க போகக் கூடாதுன்னு சின்னப்புள்ளையிலேயே அத்தா சொல்லிக் கொடுத்ததுண்ணே. நீங்க கண்ணை மூடினதும் எனக்குக் கை வரலை. நம்பரைப் பாக்குறேன், உங்க மூஞ்சியைப் பாக்குறேன். எப்படிண்ணே தொடுறது?"

"தொட்டீங்களே. தோள் இன்னும் வலிக்குது."

"லேட்டாத் தொட்டேன்" என்றார். பாலக்கரையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் போனார்.

வீட்டில் என் மனைவி செல்வி காபி கொடுத்துவிட்டு நடந்ததையெல்லாம் கேட்டாள். அவளுக்கு ரீபிரீதர் ஒன்றும் தெரியாது. மாடிக் கொடியில் காய்கிற ரப்பர் குழாய்களைப் பார்த்து, "இந்தக் குடலை எல்லாம் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்கிறவள். ஆனால் அன்று கேட்டாள்.

"ஏங்க, சன்னதியில நீங்க கண்ணை மூட மாட்டீங்களே. பட்டர் நகருங்கோ நகருங்கோன்னு சொல்ற வரைக்கும் இமைக்காம பெருமாளைப் பாப்பீங்க. பக்கத்துல ஒருத்தர் கண்ணை மூடினாலே, இவ்ளோ நேரம் கியூவுல நின்னுட்டு வந்து ஏன் மூடுறாருன்னு என்கிட்ட முணுமுணுப்பீங்க. அங்க மட்டும் ஏன் மூடுறீங்க?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பயத்துல" என்றேன்.

முதல் முதலாகக் கல்ஃபில் கடலில் இறங்கிய அன்று கண்ணை மூடிக்கொண்டு ரங்கா என்றேன். ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து விடவில்லை. அதை பக்தி என்று நானும் நம்பினேன், என்னிடம் படித்தவர்களும் நம்பினார்கள். அடியில் இருந்தது பயம். இருபது வருஷத்தில் அன்றுதான் வாயால் சொன்னேன்.

"சரி, பயந்தா பயந்துட்டுப் போங்க. கண்ணைத் திறந்துக்கிட்டுப் பயப்படுங்க" என்றாள் செல்வி, டம்ளரை எடுத்துக்கொண்டு.

ஷாகுலுக்கு உடனே போன் செய்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். "நாளைக்கு நான் கண்ணை மூடினா, அது கும்பிடுறது இல்லை. தப்பு. தப்புக்குக் குறுக்க நீங்க வரலாம்" என்றேன். "சரிண்ணே" என்றார்.

5. மணப்பாறை ரோட்டுக் குவாரி

மறுநாள் விடியலில் விஸ்வரூப சேவைக்குப் போய் நின்றேன். திரை விலகியதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. ஷாகுல் மகள் அப்பாவைப் போனில் தேடக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

இரண்டாம் பரீட்சை மணப்பாறை ரோட்டில் ஒரு பழைய கல்குவாரியில். உரிமையாளரிடம் அனுமதி வாங்கிப் பயிற்சி கொடுக்கிற இடம். பாறைக்கு நடுவே பச்சைத் தண்ணீர், முப்பது மீட்டர் ஆழம். அந்தோணி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீர் திமிர் பிடிச்ச மாணவன். சிலிண்டர்ல என்ன கேஸ்னு சோதிக்காம இறங்கப் பாரும். அவன் சொன்னா கேக்காதேயும்" என்றார். ஆழத்துக்குக் கலக்கும் கேஸில் ஆக்சிஜன் குறைவு. மேல்மட்டத்தில் அதைச் சுவாசித்தால் மயக்கம்தான். அதனால் ஒவ்வொரு சிலிண்டரையும் மீட்டரில் சோதித்து, ஸ்டிக்கரில் எழுதி ஒட்ட வேண்டும். என் சிலிண்டரிலிருந்து அவரே ஸ்டிக்கரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மிஷினை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீரை நோக்கி நடந்தேன். ஷாகுல் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, இந்த சிலிண்டர்ல ஸ்டிக்கர் இல்லை. சோதிச்சுட்டு இறங்குங்க."

"நேத்தே சோதிச்சாச்சு. தள்ளுங்க."

"இப்ப என் முன்னாடி சோதிங்க."

"இருபது வருஷமா டைவ் அடிக்கிறேன். நான் யாருன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ணே. அதனாலதான் விட மாட்டேன்."

நான் வலது பக்கம் போனேன். அவரும் போனார். இடது பக்கம் போனேன், அங்கேயும் வந்து நின்றார். முந்தாநாள் வரை என் முன்னால் நாற்காலியில் உட்காராத மனுஷன். பின்னால் அந்தோணி சார் தொண்டையைச் செருமுவது கேட்டது. வேறு வழியில்லாமல் சிலிண்டரைச் சோதித்து, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ப்ரீ-பிரீத்துக்கு உட்கார்ந்தேன்.

சார் சொல்லாத ஒரு வேலையை அப்போது நானாகச் செய்தேன். கைகளைக் கூப்பி, கண்ணை மூடினேன்.

இரண்டு மூச்சுகூட விட்டிருக்க மாட்டேன். ஷாகுலின் விரல் என் மாஸ்க் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டியது.

"கும்பிடுங்கண்ணே, வேணாங்கலை. கண்ணைத் திறந்துக்கிட்டு, நம்பரைப் பாத்துக்கிட்டுக் கும்பிடுங்க. அஞ்சு நிமிஷம் முதல்லேருந்து."

மறுபடி முதலிலிருந்து ஐந்து நிமிஷம். ஹேண்ட்செட்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டே ரங்கா என்றேன். மனசு கலையவில்லை. சன்னதியில் நிற்பது மாதிரியே இருந்தது.

பிறகு மூன்று பேரும் குவாரிக்குள் இறங்கினோம். நான் வேண்டுமென்றே செய்த ஒவ்வொரு தப்பையும் நான் முடிப்பதற்குள் பிடித்தார். மேலே வந்ததும் அந்தோணி சார் கையைத் துடைத்துக்கொண்டு பாறை மேலேயே பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஷாகுலைக் காட்டி, "நேத்து இவரு மாணவன். இன்னைக்கு வாத்தியார்" என்றார். ஷாகுல் அந்த இடத்திலேயே, ஈர உடையோடு, பாறையில் நெற்றியை வைத்தார். அவர் எழுந்திருக்கும் வரை நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம்.

திரும்புமுன் மணப்பாறை வரை போய் முறுக்கு வாங்கினோம். அந்தோணி சார் வாய் நிறைய முறுக்கோடு, "கடல் இல்லாட்டி என்ன, ஊரு பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து வந்ததில் அதுதான் பெரிய பாராட்டு.

6. செக்லிஸ்ட்டில் ஒரு வரி

கம்பெனி தருகிற செக்லிஸ்ட் இங்கிலீஷில் இருக்கும். என்னிடம் படிக்க வருபவர்களின் தாளில், ப்ரீ-பிரீத் என்ற இடத்துக்குப் பக்கத்தில் நான் பேனாவால் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன்: கண் திறந்திருக்கிறதா? முதல் தாள் எனக்கு.

போன வாரம் ஷாகுல் அந்தமானிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். படகில் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி, யாரோ ஒரு பெரிய ஆளைப் பார்த்து, "சார், கண்ணு, கண்ணு!" என்று அதட்டினார். அந்த ஆள் யாரென்று கேட்டேன். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரியாம்.

பிறகு, படகில் கூடவே வந்திருந்த அவர் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பெரியத்தா, அத்தாவால இப்ப பேச முடியாது. வேலை செய்யிறாங்க" என்று சொல்லி, போனைத் திருப்பிப் படகைக் காட்டினாள். அத்தா போனுக்குள் இல்லை, அவள் பக்கத்தில் நின்றிருந்தார்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பயம் வந்தால் கண்ணை மூடத்தான் தோன்றும். அந்த நேரத்தில் திறந்து வையுங்கள். கூட இருப்பவன் மூடினால், அவன் உங்கள் வாத்தியாராகவே இருந்தாலும், தோளில் தட்டிச் சொல்லுங்கள். அரங்கன் கோபித்துக்கொள்ள மாட்டான்.