கீறலில்லாத வயிறு

எனக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. அந்தப் பகுதியையே வெட்டிவிட்டு, இடது வயிற்றில் ஒரு துளை போட்டு, மலம் இறங்க ஒரு பையை ஒட்டி பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு நான் சேலை கட்டவில்லை.

"கூடப் பிறந்தவங்களும் செக் பண்ணிக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரே தங்கை, கிள்ளானில் இருந்தாள். ஃபோனில் பேசும்போதெல்லாம் அவளை விரட்டினேன். சாக்குச் சொல்லிச் சொல்லி, ஒருவழியாகப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனைக்குப் போனாள். ஜப்பானில் பயிற்சி எடுத்து வந்த இளம் டாக்டர் ஒருவர் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். அவளுக்கும் கட்டி, தட்டையாகப் படர்ந்தது. எடுக்க நாள் குறித்தார்கள்.

அன்று அழத் தயாராகத்தான் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சுக்கா. அதே குழாய் வழியாவே. ஒரு கீறல் இல்ல, பாரு லா."

சட்டையைத் தூக்கிக் காட்டினாள். மூன்று பிள்ளை பெற்ற வயிறு, வழவழவென்று இருந்தது. "நல்லவேளை" என்றேன்.

அடுத்த வாரமே என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போனேன். "என்னுதும் தட்டையான கட்டிதானே? எனக்கு மட்டும் ஏன் அறுத்தாங்க?"

அவர் பொறுமையாகப் படித்தார். "தங்கச்சிக்கு இருந்தது கம்பளம் விரிச்ச மாதிரி மேலாகப் படர்ந்த வகை, ஆன்டி. அடியில உப்புத் தண்ணி ஏத்தினா கொப்புளம் மாதிரி எழும்பும். கம்பி வளையத்தை மாட்டித் துண்டு துண்டா எடுத்திடலாம். உங்களுது நடுவுல குழி விழுந்த வகை. சின்னதா இருக்கும்போதே ஆழமா இறங்கிடும். தண்ணி ஏத்தினாலும் எழும்பாது."

புரிந்தது. புரிந்து என்ன? ஒரே அம்மாவுக்குப் பிறந்தோம். அவளுக்குக் கம்பளம், எனக்குக் குழி.

அந்த மாதமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். தங்கை பச்சைப் பட்டில் வந்தாள். "தைரியமா செஞ்சுக்கிட்டா" என்று எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் தொளதொள சுடிதாரில், கழிவறைக்குப் பக்கத்து நாற்காலியில். அவளை டாக்டரிடம் போகச் சொல்லிக் கத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஃபோன் செய்தாள். துண்டு துண்டாக எடுத்ததால் மிச்சம் இருந்தால் மறுபடி முளைக்குமாம், திரும்பப் பார்க்க வேண்டுமாம். "நீ கூட வாக்கா, பயமா இருக்கு."

போனேன். வெளியே காத்திருக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பை வந்தா எப்படிக்கா சமாளிக்கிறது?"

அத்தனை நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எப்படி ஒட்டுவது, எப்படிக் கழுவுவது, டுரியான் பழம் தின்றால் பை எப்படி ஊதிக்கொள்ளும் என்று எல்லாம் சொன்னேன். டுரியானைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு நர்ஸ் கூப்பிட உள்ளே போனாள்.

ஒன்றும் முளைக்கவில்லை. டாக்டர் சொன்னதும் நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் உள்ளே ஒரு மூலையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த எதுவும் அவளுக்குத் தேவைப்படப் போவதில்லை.