கோணல் கோடு

முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸில் முப்பது வருடம் தரையில் குந்தியிருந்ததில் ராஜபாய்க்கு இடுப்பும் போயிற்று, முழங்காலும் போயிற்று. வலி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் கடித்துக் குதறிவிடுவாள்.

சபை மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பெண்கள் ஜெபம் முடித்து, ஒரு பழைய சேலையை விரித்து, ஒருத்தியை அதில் படுக்கவைப்பார்கள். மற்றவர்கள் பாடிக்கொண்டே அவள் உடம்பைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு இழுப்பார்கள். பிறகு அவளுக்கு வலிக்கிற இடத்திலெல்லாம் சேர்ந்து சாயம் பூசுவார்கள். மனநல ஆலோசகர் ஜெஸ்பின் தொடங்கிவைத்த வழக்கம் அது.

"கிறுக்குப் பிடிச்சவளுவ" என்று முனகிக்கொண்டே ராஜபாயும் தன் முறைக்குப் படுத்தாள். தலையில் தொடங்கிய கோடு பாதத்தை எட்டுவதற்குள் குறட்டை கேட்டது. யாரும் எழுப்பவில்லை. பகலில் அவள் முதுகைச் சாய்த்து எத்தனை வருடமாயிற்றோ!

அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து நின்றாள். "ஏட்டி ஜெஸ்பின், எனக்க கோடு கோணலா கெடக்கு. இன்னொருக்கா வரையணும்."

"அதுக்கென்னக்கா, படுங்க" என்றாள் ஜெஸ்பின், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இப்போது மண்டபத்துச் சுவரில் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சேலை தொங்குகிறது. ராஜபாய்க்கு மட்டும் ஆறு. ஆறில் ஒன்றுகூடக் கோணல் இல்லை.